வாத்தியார் காரின் மிச்ச சாமான்

கோயமுத்தூர்ல கணபதிங்கற ஏரியாவுக்கு வடக்கால, சத்தி ரோட்டை விட்டு உள்ள தள்ளி, பட்டறை வீதின்னு ஒரு வீதி. அங்க பொறக்கற கொழந்தைக தாலாட்டுக்கு முன்னாடி லேத்து சத்தத்துலதான் தூங்கப் பழகும், கட்டிக்கிட்டு வந்த மருமக அந்த வீட்டு ரசம் கைக்கு வர்றதுக்குள்ள பேரிங் நம்பர் பாத்துச் சொல்லக் கத்துக்குவா, வீட்டுக்கு வீடு முன்னால ஒரு தகரக் கொட்டாய், கொட்டாய்க்குள்ள ஒரு மிசின், மிசினுக்கு முன்னால ஒரு ஆளு, ஆளு கையெல்லாம் கிரீசு. அந்த வீதியில வெள்ளைக் கையோட திரிஞ்ச ஒரே ஆம்பளை, ரிட்டயர்டு சரித்திர வாத்தியார் தெய்வசிகாமணிதான்.

பானிப்பட்டுச் சண்டை எதனால வந்துச்சுன்னு கேட்டா மனுசன் தூக்கத்துலயும் காரணம் சொல்லுவாரு. டியூப்லைட்டு ஏன் எரியலைன்னு கேட்டா பக்கத்து வீட்டு மோட்டார் வைண்டிங் துரைச்சாமியைக் கூப்பிடுவாரு. கரண்டு பீஸு போனா அவரு சம்சாரம் மரகதமணிதான் ஸ்டூல் போட்டு ஏறுவா. அவரு கீழ நின்னு ஸ்டூலைப் புடிச்சுக்குவாரு, அதையும் ஆட்டிப்போடுவாரு. வீதியில யாரும் அவரைக் கேலி பண்ணுனது கிடையாது. கேலி பண்ணியிருந்தாக்கூடப் பரவாயில்லை, "வாத்தியாரு, நீங்க ஒதுங்கி நில்லுங்க, சட்டை அழுக்காயிரும்"னு மரியாதையாச் சொல்லுவாங்க பாருங்க, அதுதான் அவருக்கு உள்ள போய்க் குத்தும். அப்பேர்ப்பட்டவரு ஒரு நாள் காலையில, தன்னோட காரைத் தானே ரிப்பேர் பண்ணப் போறதா அறிவிச்சாரு.

விசயம் என்னன்னா, மரகதமணியோட தம்பி நடராசுக்குக் கல்யாணம். நாப்பது தாண்டியும் பொண்ணு அமையாம, தென்னந்தோப்பும் மாடும் அவனுமா உடுமலைக்குத் தெக்கால தோட்டத்துல தனியாக் கெடந்தவன். அவனுக்காக ஜாதகத்தைப் பையில போட்டுக்கிட்டுத் தாராபுரம், காங்கேயம், பெருந்துறைன்னு பஸ்ஸு பஸ்ஸா ஏறி எறங்கி, சொல்லக்கூடாத பேச்செல்லாம் கேட்டு, கடைசியில ஒரு பொண்ணைப் பேசி முடிச்சது அக்காக்காரி மரகதமணிதான். நம்ம பக்கத்துக் கல்யாணத்துல இணைச்சீர்னு ஒண்ணு இருக்குதே, மாப்பிள்ளை ஒரு பக்கம், கூடப் பொறந்தவ ஒரு பக்கம், நடுவால கூறைச்சேலையை ஆளுக்கொரு நுனி புடிச்சு நிக்கற சீரு, அதுல நிக்கறதுக்காக அவ மயில்கழுத்துக் கலர்ல ஒரு பட்டு எடுத்து வெச்சு, தெனமும் ஒருக்கா பீரோவைத் தொறந்து அதைப் பாத்துக்கிட்டிருந்தா. வாடகைக் காரு சொல்லிரலாம்னு அவ சொன்னதுக்கு, "நம்ம காரு இருக்கையில வாடகைக் காரா? என்ன கொஞ்சம் பொகையுது, அதை நானே சரி பண்ணிர்றேன்"னாரு வாத்தியாரு. போன்ல வீடியோ பாத்துப் பாத்து மனுசனுக்குத் தைரியம் வந்திருந்துச்சு.

பிரிச்சாரு. பானெட்டைத் தொறந்து, கண்ணுல பட்டதையெல்லாம் கழட்டினாரு. கழட்டின சாமானெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கா இருந்துச்சு. எண்ணெய்ப் பிசுக்குப் போகோணும்னா அரப்பைவிட்டா இந்த ஒலகத்துல வேற என்ன இருக்குது? ஆயுசு பூரா சனிக்கெழமை எண்ணெய் தேச்சு அரப்புப் போட்டுக் குளிச்ச மனுசனுக்கு அது ஒண்ணுதான் தோணும். மரகதமணியோட அரப்புத்தூள் டப்பாவைக் காலி பண்ணி, கார் சாமானையெல்லாம் அண்டாவுல போட்டு ஊற வெச்சு, தலையைத் தேய்க்கற மாதிரியே தேச்சு அலசி, மொட்டை மாடியில கயித்துக் கட்டில் போட்டு வடகத்துக்குப் பக்கத்துல காய வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, திருப்பி மாட்டினாரு. எல்லாம் மாட்டி முடிச்ச பின்னாடி கையில ஒரு போல்ட் மிச்சம் இருந்துச்சு. "கம்பெனிக்காரன் எச்சா ஒண்ணு போட்டுக் குடுத்திருப்பான்"னு அதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

"ஏனுங்க, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாத்துருங்களே"ன்னா மரகதமணி.

"இப்ப ராகு காலம்."

ராகு காலம் முடிஞ்சப்போ எமகண்டம் வந்துச்சு, அடுத்த நாள் அஷ்டமி, அதுக்கடுத்த நாள் நவமி. புதுசா வேலை பார்த்த வண்டியை முதல் முதலா நல்ல நேரத்துலதான் எடுக்கோணும்னு, கல்யாணத்தன்னைக்கு வெடியக்கருக்கல்ல, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, சூடம் காட்டி, சாவியைத் திருப்பினாரு. எலுமிச்சம்பழத்துக்கு ஒண்ணும் ஆகலை.

பேட்டரியைப் பாத்தாரு. பெட்ரோலைப் பாத்தாரு. பானெட்டைத் தொறந்து பாத்தாரு, மூடிப் பாத்தாரு. துரைச்சாமியும் எதிர்த்த வீட்டு லேத்துப் பட்டறை ஆரோக்கியமும் எந்திரிச்சு வந்து வீதிக் கடைசி வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயி, அங்கிருந்து திருப்பித் தள்ளிக்கிட்டு வந்து விட்டாங்க. பட்டுச்சேலையோட சீர்த்தட்டை மடியில வெச்சுக்கிட்டு முன் சீட்டுல உக்காந்திருந்த மரகதமணி, "மெக்கானிக் அன்வர் தம்பியைக் கூப்பிடுங்க"ன்னா. "அஞ்சு நிமிசம்"னாரு. "வாடகைக் காரு சொல்லுங்க"ன்னா. "இரு, அஞ்சே நிமிசம், புடிச்சுட்டேன், எங்கன்னு புடிச்சுட்டேன்"னாரு. அப்படி அஞ்சு நிமிசம் அஞ்சு நிமிசமாப் பொழுது விடிஞ்சு, வெயில் ஏறி, கடைசியில அந்தப் பக்கமா எளநீ எறக்கிப்போட்டுக் காலியா உடுமலைக்குத் திரும்புன மினி வேன்ல, டிரைவருக்குப் பக்கத்துல, சீர்த்தட்டோட ஒத்தையில ஏறிப் போனா மரகதமணி.

அவ போய்ச் சேர்ந்தப்போ ரெண்டாவது பந்தி ஓடிக்கிட்டிருந்துச்சு. முகூர்த்தம் நிக்குமா? பெரியப்பா பொண்ணு ஒருத்தியை நிக்க வெச்சு இணைச்சீரை முடிச்சிருந்தாங்க. நடராசு மாலையும் கழுத்துமா வந்து அக்கா கையைப் புடிச்சுக்கிட்டு அழுதானாம், அவ அழலையாம், "சாப்புட்டியா கண்ணு"ன்னு கேட்டாளாம். அன்னைக்குச் சாயங்காலம் வாத்தியாருக்குப் போன் வந்துச்சு.

"நான் இங்கயே இருக்கறனுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அந்தக் காரு ஓடட்டும். அதை ஓட்டிக்கிட்டு வாங்க, அதுல ஏறி வாரேன். அது ஓடலைன்னா வரலை."

சண்டை போட்டிருந்தாச் சமாதானம் பண்ணலாம். அவ வெறும் பால் கணக்குச் சொல்ற குரல்ல சொல்லிப்போட்டு வெச்சுட்டா.  அப்பவும் பாருங்க, வாத்தியாருக்கு "தப்பு எம்பேருல"ன்னு ஒரு வார்த்தை வாயில வரலை. நேராப் போயி பானெட்டைத் தொறந்தாரு.

மறுபடி பிரிச்சாரு, மறுபடி மாட்டினாரு. இந்தத் தடவை முழுக் கவனமா, கழட்டின வரிசையை போட்டோ எடுத்து வெச்சு, ஒண்ணு விடாம மாட்டினாரு. காருல ஒரு எடம் காலியில்லை, எல்லாச் சாமானும் அது அது எடத்துல இருந்துச்சு. கீழ பாத்தா ஒரு வாளி நெறையச் சாமான் மிச்சம் இருந்துச்சு. மூணாவது தடவை மாட்டினப்போ காரு முழுசா நின்னுச்சு, பக்கத்துல ஒரு ரேடியேட்டரும் ரெண்டு கதவும் ஒரு ஸ்டீரிங்கும் நாலு சக்கரமும் மிச்சம் நின்னுச்சு.

வேற வீதியா இருந்தா பூசாரியைக் கூப்பிட்டிருப்பாங்க, டிவிக்காரனைக் கூப்பிட்டிருப்பாங்க. பட்டறை வீதியில அப்படியில்லை. துரைச்சாமி வந்தாரு, குனிஞ்சாரு, ஒரு ஸ்பிரிங்கை எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. ஆரோக்கியம் வந்தாரு, ஒரு பேரிங்கை எடுத்து வெரல்ல மாட்டிச் சுத்திவிட்டாரு. ஏன் வருதுன்னு ஒருத்தரும் கேக்கலை. என்ன சைஸுன்னுதான் கேட்டாங்க.

மெக்கானிக் அன்வரும் வந்தாரு. கல்யாணத்தன்னைக்குத் தன்னைக் கூப்பிடலைங்கற வருத்தம் அவருக்கு மூஞ்சியில இருந்துச்சு. "வாத்தியாருங்களா, இதெல்லாம் படிச்சுப் பண்ற வேலை இல்லீங்க, பழகிப் பண்ற வேலை, தள்ளுங்க"ன்னு சட்டையைக் கழட்டிப்போட்டு, வீதியே பாக்கப் பிரிச்சு மாட்டினாரு. அவரு மாட்டி முடிச்சதும் முழுசா ஒரு இஞ்சினே மிச்சமாச்சு. காரு ஓடலை. அன்வர் ஒரு சைக்கிளைப் புடிச்சு, அந்த இஞ்சினைக் கட்டிக்கிட்டு வீதிக்கோடியில இருந்த தன்னோட ஷெட்டுக்குப் போனவரு, இந்தக் காரைப் பத்தி அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை.

அதுக்கப்புறம் அந்த மிச்சச் சாமான் வீதிக்குள்ள எறங்குன வெதம் இருக்குதே, வாய்க்கால்ல தண்ணி எறங்குற மாதிரிதான். துரைச்சாமி பேரனுக்குத் தொட்டிலை ஸ்பிரிங்குல தொங்கவிட்டாரு, ஒரு தட்டுத் தட்டினா மத்தியானம் வரைக்கும் ஆடிச்சு. மொட்டை மாடித் தண்ணித் தொட்டி வால்வுக்கு ஸ்டீரிங்கை மாட்டி, வீதிக்கே தண்ணி திருப்பிவிட்டாரு. ஆரோக்கியத்தோட வீட்டுக் குளியலறைக்குக் காரு கதவு வந்துச்சு. கண்ணாடியை எறக்கிச் சோப்பு வாங்கிக்கலாம், ஏத்திக்கலாம். இட்லிக்கடை ராஜாமணியக்கா முன் சீட்டு ரெண்டையும் வாங்கிக் கடை வாசல்ல போட்டா. சாஞ்சு உக்காந்து சாப்பிடற சௌகரியத்துல ஒவ்வொருத்தரும் ரெண்டு இட்லி எச்சாச் சாப்பிட்டாங்க. ஈடு வெந்ததும் கார் ஆரனை அடிச்சா, வீதிக்கோடி வரைக்கும் வாயூறுச்சு. சக்கரந்தான் கணக்கில்லாம வந்துச்சு. பீரோவுக்குக் கீழ, கட்டிலுக்குக் கீழ, கோழிக்கூண்டுக்குக் கீழ, லேத்துக்குக் கீழ, கடைசியில ஜாக்கி வெச்சுத் தூக்கி வீட்டுக்குக் கீழயும் மாட்டிக்கிட்டாங்க, வெயில் அடிக்கற பக்கம் பாத்து வீட்டை ஒரு சாண் நகத்தி வெச்சுக்கலாம்னு.

பொம்பளைக கொழாயடியில மொறை வெச்ச மாதிரி வாத்தியார் வீட்டு முன்னாலயும் மொறை வெச்சாங்க. கூட்டம் போட்டு ஒரு நியாயமும் பேசிக்கிட்டாங்க: சாமானை வெளி வீதிக்குக் குடுக்கக் கூடாது, வித்துப்போடக் கூடாது, வாத்தியாரை அவசரப்படுத்தக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, காரு ஓடறதுக்கு யாரும் யோசனை சொல்லிப்போடக் கூடாது. இதை மட்டும் யாரும் வாயைத் தொறந்து சொல்லலை, ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு.

வாத்தியாருக்கு என்ன ஆச்சுங்கறீங்க? கை கருப்பாயிருச்சு. வாழ்க்கையில முதல் தடவையா நகக்கண்ணுல கிரீசு. அதைக் கழுவாமயே மளிகைக் கடைக்குப் போனாரு, கழுவாமயே கோயிலுக்குப் போனாரு, திருநீறு வாங்கறப்போ கையை எல்லாருக்கும் தெரியற மாதிரி நீட்டுனாரு. "மேஸ்திரி, நாளைக்கு ஒரு வைப்பர் மோட்டார் கெடைக்குமுங்களா?"ன்னு ஆரோக்கியமே கேட்டப்போ, மனுசன் வானத்தைப் பாத்து, உதட்டைப் பிதுக்கி, "பாக்கலாம்"னாரு. மேஸ்திரி! பாபர்ல இருந்து பகதூர் ஷா வரைக்கும் அத்தனை பேரையும் வரிசையாச் சொல்லத் தெரிஞ்சப்போ கெடைக்காத பட்டம். ஒரு காரை நூறு காராப் பெருக்கத் தெரிஞ்சுச்சு, ஒரே ஒரு காரா ஓட்டத் தெரியலை, ஆனா அதை யாரு பாத்தாங்க? நாள் ஆக ஆக அவரு சாவியைத் திருப்பிப் பாக்கறதையே விட்டுப்போட்டாரு. பிரிக்கறதும் மாட்டறதுமே பொழப்பாப் போச்சு.

மரகதமணி முதல்ல தெனம் கூப்பிட்டா. "ஓடுச்சுங்களா?" "இன்னுங் கொஞ்சந்தான்." அப்பறம் எப்பவாச்சும் கூப்பிட்டா. அப்பறம் அவ கூப்பிடறது நின்னு, அவரு கூப்பிடோணும்னு இருந்துச்சு. அவரு கூப்பிடறதுக்குள்ள யாராச்சும் வாளியோட வந்து நிப்பாங்க. ராத்திரி ஒத்தையில ரசத்தைப் பெசஞ்சு சாப்பிடறப்போ மட்டும் அவரு கண்ணு மரகதமணியோட தட்டு மேல போகும். நாளைக்குக் கட்டாயம் ஓட்டிரோணும்னு நெனைப்பாரு. காலையில மேஸ்திரின்னு ஒரு கொரல் கேக்கும், சரியாப் போச்சு.

ராஜாமணியக்காதான் அதை ஒடைச்சது. வேணும்னே பண்ணலை பாவம், மரகதமணிகிட்டப் போன்ல பேசறப்போ சந்தோசத்துல எல்லாத்தையும் சொல்லிப்போட்டா: சீட்டு, ஆரன், தொட்டில், குளியலறைக் கதவு, வீட்டுக்குக் கீழ சக்கரம். அன்னைக்கு மத்தியானம் வாத்தியாருக்குப் போன் வந்துச்சு. அவரு ஒரு கார்புரேட்டரைத் தொடைச்சுக்கிட்டிருந்தாரு.

"எல்லாரு வீட்டுலயும் நம்ம காரு இருக்குதாமா."

"ஆமா மரகதம், நீ வந்து பாக்கோணும், அந்த துரைச்சாமி..."

"நம்ம வீட்டுல மட்டும் இல்லையாமா."

  அவரு ஹலோ ஹலோன்னாரு, அங்க மாடு கத்தற சத்தம் கேட்டுச்சு, அப்பறம் அதுவும் நின்னு போச்சு.

வாத்தியார் கார்புரேட்டரைக் கீழ வெச்சாரு. வீட்டைத் திரும்பிப் பாத்தாரு. மெய்தான், வீதி பூரா வாரிக் குடுத்தவரு சொந்த வீட்டுக்கு ஒரு வாசரைக்கூட எடுத்து வெக்கலை. சமையக்கட்டுக் கொழாய் அன்னைக்கும் சொட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு, கல்யாணத்துக்கு முன்னாடி மரகதமணி ஒரு துணியைச் சுத்திக் கட்டி வெச்சிருந்தா, அந்தத் துணி அப்படியே இருந்துச்சு. மனுசனுக்கு அப்பத்தான் ஒறைச்சுது. வாளியோட நின்னவங்களைப் பாத்து, "இன்னைக்கு இல்லை, போங்க"ன்னு கத்தினாரு. கட்டுன வேட்டியோட கார்ல ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டாரு. "மாரியாத்தா, என்னால ஆகலை, எனக்கு இந்த வேலை தெரியாது, எப்பவுமே தெரியாது"ன்னு வாய்விட்டுச் சொல்லிப்போட்டுச் சாவியைத் திருப்பினாரு.

காரு ஓடலை. வீதி ஓடிச்சு.

முதல்ல துரைச்சாமி வீட்டுத் தொட்டில் தானா ஆடிச்சு, அப்பறம் அன்வர் ஷெட்டுல இருந்த இஞ்சின் ஒரு இருமல் இருமிப் புடிச்சுக்கிச்சு, ஆரோக்கியத்தோட குளியலறைக் கண்ணாடி ஏறி எறங்குச்சு, ராஜாமணியக்கா கடை ஆரன் நீளமா ஒரு சத்தம் குடுத்துச்சு, வீடு வீடாச் சக்கரம் உருள ஆரம்பிச்சு, கொழாயடியும் கோழிக்கூண்டும் கரண்டுக் கம்பமும் கம்பத்துல கட்டிப்போட்டிருந்த ஆடுமா, பட்டறை வீதி மெதுவா ஒரு குலுங்கு குலுங்கிச் சத்தி ரோட்டுக்குத் திரும்பிப் போச்சு. உள்ள இருந்தவங்க அதுக்காக வேலையை நிறுத்தலை. லேத்து ஓடிக்கிட்டிருந்துச்சு. துரைச்சாமி மாடியேறி ஸ்டீரிங்கைப் புடிச்சுக்கிட்டாரு, அதுக்கொரு ஆளு வேணுமில்ல. ராஜாமணியக்கா மட்டும், "திருப்பத்துல மெதுவா ஓட்டுங்க சாமி, மாவு தளும்புது"ன்னு சத்தம் போட்டா.

வீதி போன பொட்டல்ல மிச்சம் நின்னது ரெண்டு: வாத்தியார் வீடும், வாத்தியார் உக்காந்திருந்த காரும். ரெண்டுலயும் எச்சாச் சாமான் ஏதும் மாட்டலையே, அதுக எப்படிப் போகும்? அவரு கதவைத் தொறந்துக்கிட்டு எறங்கி, "ஏய், நில்லுங்க, நானு, நானு"ன்னு வேட்டியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஓடினாரு. வீதி போற வேகத்துக்கு அவரால ஈடு குடுக்க முடியலை. சத்தி ரோட்டு முக்குல மூச்சு வாங்கி நின்னு, டவுன் பஸ்ஸைப் புடிச்சு, உக்கடம் போயி, பொள்ளாச்சி வழி உடுமலை பஸ்ஸுல ஏறி, கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னே போனாரு. கல்யாணத்தன்னைக்கே இந்த பஸ்ஸு இருந்துச்சேங்கற நெனைப்பு கிணத்துக்கடவுல வந்துச்சு. அது உடுமலை வரைக்கும் எறங்கவேயில்லை.

ரெண்டு பக்கமும் வேலி போட்ட தோட்டத்து இட்டேரித் தடத்துல நடந்து போனாருன்னா, வீதி அவருக்கு முன்னாடியே வந்து சேர்ந்து, தென்னைக்கு நடுவால வரிசையா நின்னுக்கிட்டிருந்துச்சு. தோட்டத்தாளுக அதுக்குள்ள பழகிப்போயிட்டாங்க. மோட்டார் ரூமுல காயில் எரிஞ்சு போன மோட்டாரைத் துரைச்சாமி வைண்டிங் பண்ணிக்கிட்டிருந்தாரு. மாட்டுவண்டி அச்சு ஒண்ணு ஆரோக்கியத்தோட லேத்துல ஏறியிருந்துச்சு. நடராசும் அவன் பொண்டாட்டியும் எளநீ வெட்டி வீடு வீடாக் குடுத்தாங்க. ராஜாமணியக்கா கடை வாசல்ல, சாஞ்ச சீட்டுல, மரகதமணி உக்காந்து இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தா.

வாத்தியார் போயி முன்னால நின்னாரு. வேர்வையில சட்டை ஒட்டியிருந்துச்சு. வீதியே வேலையை நிறுத்திப்போட்டுப் பாத்துச்சு.

"கார்ல வரச் சொன்னனே?"ன்னா, தட்டைப் பாத்துக்கிட்டே.

"காரு முன்னாடியே வந்துருச்சு. நாந்தான் மிச்சம்."

யாரோ சிரிச்சாங்க. மரகதமணி சிரிக்கலை. தட்டைக் கீழ வெச்சுக் கையைக் கழுவினா, முந்தானையில தொடைச்சா, அப்பறம் அவரை நிமுந்து பாத்தா.

"எத்தனை சாமான் மிச்சம் பண்ணியிருக்கறீங்க. தொட்டிலுக்கு, கோழிக்கு, குளியலறைக்கு, எல்லாத்துக்கும் எச்சா வந்துச்சு. எனக்கு அந்த ஒரு முகூர்த்தத்தை மிச்சம் பண்ணிக் குடுக்க முடியலையேங்க உங்களால."

 பானிப்பட்டுச் சண்டைக்குத் தூக்கத்துலயும் காரணம் சொல்ற மனுசன் அத்தனை பேரு முன்னாலயும், தோட்டத்து மண்ணுல, அப்படியே குந்திக்கிட்டாரு.

"தப்பு எம்பேருல மரகதம். அன்னைக்கு முதல் தடவை சாவியைத் திருப்பினப்பவே எனக்குத் தெரியும். அன்வரைக் கூப்பிட்டா அசிங்கம்னு நெனைச்சேன். இந்த வீதிக்காரங்க முன்னால ஒரு தடவையாச்சும் வேலை தெரிஞ்ச ஆளாட்டம் நிக்கோணும்னு... அதுக்காக உன்னைச் சீருல நிக்க விடாமப் பண்ணிப்போட்டேன். அந்த நேரத்தை எவன் வந்தாலும் திருப்பி மாட்ட முடியாது. எனக்குத் தெரியும்."

சொல்லிப்போட்டு அழுதாரு. சின்னப் பையனாட்டம் தோளு குலுங்குச்சு. அன்வர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு, ஒரு இஞ்சினை ஓசியில வாங்கினவருக்கு வேற என்ன பண்ண முடியும்? நடராசோட பொண்டாட்டி, புதுப் பொண்ணு, யாரு பக்கம் நிக்கறதுன்னு தெரியாம எளநீயைக் கையில வெச்சுக்கிட்டே நின்னா.  மரகதமணி நடராசு வீட்டுக்குள்ள போயி, பையை எடுத்துக்கிட்டு வந்தா. பை வாயில மயில்கழுத்துப் பட்டு தெரிஞ்சுது. கல்யாணத்தன்னைக்கு அவுத்து மடிச்ச மடிப்புக் கலையாம இருந்துச்சு. அதை இந்த ஜென்மத்துல அவ மறுபடி கட்டமாட்டாங்கறது அவருக்குப் பாத்ததுமே புரிஞ்சுது.

"எந்திரிங்க. வேட்டியெல்லாம் மண்ணு"ன்னா.

"வர்றியா?"

"கொழாயி சொட்டுதா இன்னும்?"

"சொட்டுது."

"அப்பறம் வராம?"

சீட்டுல போயி உக்காந்தா. வீதி ஒரு குலுங்கு குலுங்கிப் புடிச்சுக்கிச்சு. நடராசு இட்டேரி முக்கு வரைக்கும் கூடவே ஓடி வந்து கையைக் காட்டினான். பக்கத்துச் சீட்டுல உக்காரலாமா வேண்டாமான்னு வாத்தியார் நின்னுக்கிட்டே இருந்தாரு. "அதுலதான் உக்காருங்களே, யாரு வேண்டாம்னா"ன்னு அவ சொன்ன பின்னாடிதான் உக்காந்தாரு. ராஜாமணியக்கா ஒரு தட்டுல நாலு இட்லி வெச்சுக் குடுத்தா. பொள்ளாச்சி தாண்டுச்சு, கோயில்பாளையம் தாண்டுச்சு. 

கிணத்துக்கடவு மேட்டுல வீதி நின்னு போச்சு. முக்கிச்சு, மொனகுச்சு, ஒரு பொகையை விட்டுச்சு, நடு ரோட்டுல நின்னே போச்சு. பின்னால லாரிக்காரனும் பஸ்ஸுக்காரனும் ஆரன் அடிச்சாங்க. துரைச்சாமி மாடியில இருந்து எட்டிப் பாத்தாரு. ஆரோக்கியம் ஒரு ஸ்பேனரோட எறங்கினாரு. அன்வர் ஷெட்டுக்குள்ள ஓடினாரு. வாத்தியாருக்கு ஒடம்பெல்லாம் பரபரன்னு ஆச்சு. எங்கன்னு தெரியும், எந்தப் போல்ட்டுன்னு தெரியும், ஒரே ஒரு திருப்புத் திருப்பினாப் போதும், இந்தத் தடவை மெய்யாலுமே தெரியும்.

"ஒரு அஞ்சு நிமிசம்"னு எந்திரிச்சாரு.

மரகதமணி அவரு சட்டையை முதுகுப் பக்கமா எட்டிப் புடிச்சு ஒரே இழுப்பா இழுத்து உக்கார வெச்சா. "உக்காருங்க பேசாம."

உக்காந்தாரு. என்னத்தைச் சொல்ல, அந்தப் பெரிய வீதி அடுத்த நிமிசமே, யாரும் ஒண்ணும் பண்ணாமயே, ஸ்டார்ட் ஆகி மேடேறுச்சு. காத்து அடிச்சுது, கோழிக்கூண்டுல கோழிக சத்தம் போட்டுச்சு, ராஜாமணியக்கா அடுத்த ஈடு ஊத்துனா. கணபதி வர்ற வரைக்கும் மரகதமணி அவரு சட்டையை விடவேயில்லை.